முகச் சுருக்கமும் முகத்தை இழுத்துத் தைக்கும் சத்திரசிகிச்சையும்

கண்ணாடிக்கு முன் நின்று இரு கன்னங்களையும் உள்ளங்கைகளால் காதுப் பக்கமாகச் சற்றே மேலே இழுத்துப் பாருங்கள். மூக்கோரத்திலிருந்து வாய்முனைக்கு இறங்கும் கோடு மறையும். தாடையோரம் நேராகும். பத்து வயது குறைந்த மாதிரித் தோன்றும். கையை எடுத்ததும் எல்லாம் பழையபடி இறங்கிவிடும். பேஸ்லிஃப்ட் என்று இன்று பேசப்படும் சத்திரசிகிச்சையின் அடிப்படை எண்ணம் இவ்வளவுதான். கையால் இழுத்ததைக் கத்தியாலும் நூலாலும் நிறுத்தி வைப்பது.

சகோதரிகளே! மத்ரஸாவில் பிக்ஹ் படித்துக் கொடுக்கும் ஒரு மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். சில வருடங்களாகப் பெண்கள் மத்தியில் நடக்கும் பயான்களின் முடிவில் துண்டுக் கடதாசியில் எழுதி அனுப்பப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகி விட்டது. "முகத்துக்கு ஊசி போடலாமா?", "சுருக்கத்தை எடுப்பது ஹராமா?" என்று ஒரு வரியில் கேட்கிறார்கள். ஒரு வரியிலேயே பதிலும் எதிர்பார்க்கிறார்கள். ஒரு விடயத்துக்குச் சட்டம் சொல்வதற்கு முன் அவ்விடயம் யாதென அறிந்து கொள்ள வேண்டும் என்பது அரபுக் கல்லூரியில் உஸ்தாத்மார் எமக்குக் கற்றுத் தந்த முதற் பாடங்களில் ஒன்று. எனவே முதலில் விடயத்தைப் பார்ப்போம்.

முகம் ஏன் தளர்கிறது?

சுருக்கம் என்பது தோலில் மட்டும் நடக்கும் மாற்றம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் முகம் ஒரு வீட்டைப் போலப் பல அடுக்குகளால் ஆனது. மேலே தோல், அதன் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசையும் அதை மூடிய நாருறையும், எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பு. வயது போகப் போக இந்த நான்கும் மாறுகின்றன.

தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் எனும் புரதம். இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையைத் தருவது இலாஸ்டின். இளமை கழிந்தபின் கொலாஜன் ஒவ்வொரு வருடமும் சிறிது சிறிதாகக் குறைகிறது. பெண்களுக்கோ மாதவிடாய் நின்றபின் இந்தக் குறைவு திடீரென வேகம் பிடிக்கிறது. முதல் ஐந்து வருடங்களில் தோலிலுள்ள கொலாஜனில் ஏறத்தாழ 30 வீதம் போய்விடும் என்று கணித்திருக்கிறார்கள். ஐம்பது வயதையொட்டி, "ரெண்டு மூணு வருசத்துல முகம் உழுந்துட்டு" என்று பெண்கள் சொல்வது வெறும் மனப்பிரமை அல்ல.

கன்னத்தின் கொழுப்பு ஒரே கட்டியாக இல்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. சில பொதிகள் வற்றுகின்றன. சில கீழே சரிகின்றன. கண்ணுக்குக் கீழே பள்ளமும், வாயோரத்தில் மடிப்பும், தாடையோரத்தில் தொங்கலும் வருவது இதனால்தான். எலும்பும் சும்மா இருப்பதில்லை. கண்குழி அகலிக்கிறது, தாடையெலும்பு சிறுக்கிறது. பல்லைக் கழற்றிவிட்டுக் கட்டுப்பல் வைக்காமல் விடுபவர்களுக்குத் தாடையெலும்பு விரைவாகக் கரையும். உம்மும்மாமாரின் கன்னம் உள்ளே போய் மூக்கும் நாடியும் கிட்டக் கிட்ட வருவதற்கு அதுவே காரணம். அவர்கள் பேஸ்லிஃப்ட் டொக்டரிடம் அல்ல, பல் டொக்டரிடம் போயிருக்க வேண்டும்!

இவையெல்லாம் இறைவனின் ஏற்பாட்டில் எவருக்கும் நடப்பவை. ஆனால் நாமே வரவழைத்துக் கொள்வதும் உண்டு. அதில் முதலிடம் வெயிலுக்கு. 2012 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் ஒரு லொறிச் சாரதியின் படம் வெளிவந்தது. 69 வயது. 28 வருடங்கள் சாமான் விநியோகிக்கும் லொறி ஓட்டியவர். அந்நாட்டில் சாரதி அமர்வது இடப்பக்கம். அவரது முகத்தின் இடப்பாதி தடித்து, ஆழமாகச் சுருங்கி, தொங்கிப் போயிருந்தது. வலப்பாதியைப் பார்த்தால் அவரது தம்பியின் முகம் என்று சொல்லலாம். ஒரே மனிதர், ஒரே வயது, ஒரே சாப்பாடு. ஜன்னல் கண்ணாடியூடாக வந்த வெயில் மட்டுமே வித்தியாசம். புற ஊதாக் கதிர்களில் ஏ வகையானது கண்ணாடியையும் ஊடுருவி வரும்.

நமது கருமை கலந்த தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி வெள்ளையருடையதை விட அதிகம். அதனால் சுருக்கம் சற்றுப் பிந்தி வரும். அதற்குப் பதிலாகக் கன்னத்தில் கறுப்புத் திட்டுக்களாக வெயில் தன் அடையாளத்தை வைக்கும். தலையையும் கழுத்தையும் மறைத்துக் கொள்ளும் நமது பெண்களுக்கு முகம்தானே வெளியில் நிற்கிறது. பத்து மணிக்கும் மூன்று மணிக்குமிடையில் பிள்ளையை ஏற்றி இறக்கப் போனால் குடை பிடியுங்கள். வெயில் கிரீம் பூசுவதாயின் எஸ்.பி.எப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதாக வாங்குங்கள்.

சிகரெட் இரண்டாவது. வீட்டில் ஆண்கள் விடும் புகையும் இதில் சேர்த்தி. வெற்றிலை பாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாக்கை வருடக்கணக்கில் மென்றால் வாயின் உட்சவ்வு நார் பிடித்து இறுகிவிடும். வாய் முழுதாகத் திறவாது. கன்னம் ஒட்டிப் போகும். இதை வயதின் தளர்ச்சி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். இது வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய நிலையாக இருக்கலாம். இப்படிப்பட்டவர் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, நான் மிகவும் கவலைப்படுவது. கல்யாணத்துக்கு முன் மணப்பெண்ணை வெள்ளையாக்க என்று பெயரும் முகவரியும் இல்லாத டப்பாக்களில் விற்கப்படும் கிரீம்கள். இவற்றில் பலவற்றில் ஸ்டீரொயிட் மருந்தும், சிலவற்றில் பாதரசமும் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. முதல் மாதம் முகம் பளபளக்கும். பின்னர் தோல் கடதாசி போல் மெலிந்து, சிவந்த நரம்புக் கோடுகள் தெரியத் தொடங்கும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். இருபத்தைந்து வயதில் ஐம்பது வயதுத் தோலை விலை கொடுத்து வாங்குவது போன்றது இது. பாதரசம் சிறுநீரகத்தையும் பாதிக்கும். வயிற்றில் பிள்ளை இருந்தால் அதையும் சென்றடையும். உங்கள் மகளின் மேசையில் அப்படியொரு டப்பா இருந்தால் இன்றே தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். பல மாதம் பூசியிருந்தால் தானாக நிறுத்தாமல் அவரது ஆலோசனைப்படி நிறுத்தவும்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். வயதின் தளர்ச்சி இரு பக்கமும் மெதுவாக வரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கை சோர்ந்தால் அது பாரிசவாதத்தின் அறிகுறி. தைலம் பூசிக் காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கத்தி என்ன செய்கிறது?

முகத்தை இழுத்துத் தைக்கும் வேலை 1901 ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் பெர்லின் நகரில் ஹொலண்டர் என்ற வைத்தியர் ஒரு சீமாட்டிக்குச் செய்ததிலிருந்து தொடங்கியதாகச் சொல்கிறார்கள். காதோரத்திலும் மயிரோரத்திலும் தோலைத் துண்டாக வெட்டியெடுத்துத் தைப்பதுதான் அன்றைய முறை. தோல் ரப்பர் போன்றது; இழுத்தால் மீண்டும் நீளும். ஆகவே அது அதிக நாள் நிற்கவில்லை. பிரான்சில் சுஸான் நோயெல் என்ற பெண் வைத்தியர் இத்துறையில் பெயர் பெற்று, 1926 இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

ஆனால் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்ற பெருந்துறை வளர்ந்தது சீமாட்டிகளால் அல்ல. முதலாம் உலக யுத்தத்தில் குண்டு பட்டு மூக்கும் தாடையும் இழந்த சிப்பாய்களால்தான். 1917 இல் இங்கிலாந்தின் சிட்கப் என்ற இடத்தில் திறக்கப்பட்ட வைத்தியசாலையில் ஹரல்ட் கில்லீஸ் என்ற நிபுணரும் அவரது குழுவினரும் 5,000 பேருக்கு மேற்பட்டோரின் முகங்களைச் சீர்செய்தார்கள். இந்த வரலாற்றை நினைவில் வைத்திருங்கள். பின்னர் மார்க்கச் சட்டத்தைப் பார்க்கும்போது உதவும்.

1976 இல் இரு பிரெஞ்சு வைத்தியர்கள் முகத்தோலின் கீழே உள்ள நாருறையை விவரித்து எழுதினார்கள். ஸ்மாஸ் என்று அதைச் சுருக்கமாக அழைக்கிறார்கள். அதன் பின்னர் தோலை மட்டும் இழுக்காமல் இந்த உறையைத் தூக்கித் தைப்பது வழக்கமாயிற்று. 1990 இல் அதற்கும் அடியில் சென்று, தோலையும் உறையையும் கொழுப்பையும் ஒன்றாகத் தூக்கும் ஆழ்தள முறை வெளிவந்தது. பொட்டு மயிரிலிருந்து காதின் முன்புறமாக இறங்கி, காதுமடலைச் சுற்றிப் பின்புறம் மயிருக்குள் செல்லும் வெட்டு. சில மணி நேர வேலை. இரண்டு கிழமைக்கு வீக்கமும் கண்டலும். காதோரத்தில் உணர்வற்ற தன்மை மாதக்கணக்கில் நிற்கலாம். வேலை நன்றாக அமைந்தால் ஏழு முதல் பத்து வருடங்கள் வரை அதன் பயன் தெரியும். ஆயினும் முகம் முதுமையடைவது ஒரு நாளும் நிற்பதில்லை.

இது என்ன செய்யாது என்பதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. கண்ணோரக் கோடுகளையும், மேலுதட்டின் சிறு சுருக்கங்களையும், கறுப்புத் திட்டுக்களையும் பேஸ்லிஃப்ட் போக்காது. அது கீழ்முகத்துக்கும் கழுத்துக்குமானது. கண்ணிமைக்கு வேறு சத்திரசிகிச்சை, நெற்றிக்கு வேறு. மினி லிஃப்ட் என்பது சிறிய வெட்டுடன் சிறிய பலன். நூல் கோத்துத் தூக்கும் முறை பெரும்பாலும் ஒரு வருடமளவில் தளர்ந்துவிடும். பொட்டொக்ஸ் ஊசி தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்வது. மூன்று நான்கு மாதங்களுக்கு ஒரு முறை போட வேண்டும். பில்லர் என்பது பள்ளத்தை நிரப்பும் ஜெல். தவறுதலாக இரத்தக் குழாயினுள் சென்றால் தோல் செத்துப் போகலாம், கண்பார்வையும் போகலாம். அழகு நிலையங்களில் வைத்தியர் அல்லாதவர்கள் இதைக் குத்துவது எவ்வளவு பாரதூரமானது என்று யோசித்துப் பாருங்கள்.

சத்திரசிகிச்சையின் ஆபத்துக்களில் கூடுதலாகக் காணப்படுவது முதல் ஒரு நாளைக்குள் தோலின் கீழே இரத்தம் தேங்குவது. பிரஷர் உள்ளவர்களுக்கு இது அதிகம். முக நரம்பு பாதிக்கப்பட்டால் புருவமோ வாயோ ஒரு பக்கம் அசையாது. பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். நிரந்தரமாக நின்றுவிடுவது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. புகைப்பவர்களுக்குக் காதின் பின்னால் தோல் அழுகும் அபாயம் பல மடங்கு. நம் போன்ற நிறத்தவர்களுக்குத் தழும்பு தடித்து வளரும் தன்மை கூடுதலாக இருப்பதையும் மறக்கக் கூடாது. காது குத்திய இடத்தில் தடிப்பு வந்த பெண்ணுக்குக் காதைச் சுற்றி வெட்டினால் என்னவாகும்?

மார்க்கம் எதைப் பார்க்கிறது?

இரண்டு ஹதீஸ்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று, இப்னு மஸ்ஊத் (ரழி) அறிவிப்பது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பச்சை குத்துவோர், முகத்து மயிரைப் பிடுங்குவோர், அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவோர் ஆகியோர் இறைவனின் படைப்பை மாற்றுவோராக அதில் சபிக்கப்படுகின்றனர். மற்றையது அர்ஃபஜா பின் அஸ்அத் (ரழி) பற்றியது. அபூதாவூத், திர்மிதி முதலியவற்றில் வருகிறது. அறியாமைக் கால யுத்தமொன்றில் அவரது மூக்கு வெட்டுண்டது. வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார். அது துர்நாற்றம் எடுத்தது. பொன்னால் செய்து கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். ஆணுக்குத் தங்கம் ஆகாது என்ற பொதுவிதி இருக்கவே, ஒருவரின் முகக்குறையைத் தீர்க்க அது அனுமதிக்கப்பட்டது!

முதல் ஹதீஸில் "அழகுக்காக" என்ற சொல்லை உலமாக்கள் பிடித்துக் கொண்டார்கள். நோய்க்காகவோ குறைக்காகவோ செய்வது அதில் சேராது என்றார்கள். இந்த அடிப்படையில்தான் சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடியபோது தீர்மானம் எடுத்தது. பிறவிக் குறைகள், தீக்காயம், விபத்து, நோய் ஆகியவற்றால் வந்த குறைகளைச் சீர்செய்வது ஆகும். இயல்பான தோற்றத்தை மன இச்சைக்காக மாற்றுவது ஆகாது. சுருக்கத்தைச் சத்திரசிகிச்சையாலோ ஊசியாலோ நீக்குவது, அது நோய் நிலையாக இருந்தாலன்றி, கூடாது என்று அதில் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நோய் நிலையாயினும் தீங்கு வராது என்ற நிபந்தனையும் உண்டு. ஊசி விடயத்தில் மலேசியாவின் தேசிய பத்வா சபை 2006 இல் பொட்டொக்ஸை அழகுக்காகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. வேறு சில உலமாக்கள் நிபந்தனைகளோடு இடம் கொடுத்துள்ளனர். இப்படிக் கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் அயல்வீட்டுப் பெண்ணை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை.

இமை தொங்கிப் பார்வையை மறைப்பவர் அதை வெட்டித் தூக்குவது சிகிச்சை. முகவாதத்தால் கண்மூட முடியாதவருக்குச் செய்வதும் சிகிச்சை. ஐம்பத்தைந்து வயதில் ஐம்பத்தைந்து வயது முகம் இருப்பது நோயல்ல. மருந்து செய்து கொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டபோது, செய்யுங்கள், ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் இறைவன் மருந்தை வைத்திருக்கிறான் என்று நபியவர்கள் கூறினார்கள். அந்த ஒன்று எது என்று கேட்டார்கள். முதுமை என்றார்கள். அதே நபியவர்கள்தான் அபூபக்ர் (ரழி) அவர்களின் வயோதிபத் தந்தையின் தலை வெண்பூவாக இருப்பதைக் கண்டு நிறமூட்டச் சொன்னார்கள். கறுப்பை மட்டும் தவிர்க்கச் சொன்னார்கள். ஆகவே மருதோன்றி, சுருமா, வாசலீன் எல்லாம் தாராளமாக உங்களுக்கு உண்டு. முதுமையை அலங்கரிக்கத் தடையில்லை.

கேட்டு வந்த இருவர்

கேள்வி அனுப்பியவர்களில் நாற்பத்தெட்டு வயதான ஒரு ராத்தா. கணவர் பல வருடமாகச் சவூதியில். போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம், "உனக்கு வயசு போயிட்டு" என்கிறாராம். வெளிநாட்டில் டிக்கெட், ஹோட்டல், சத்திரசிகிச்சை எல்லாம் ஒரே விலைக்குச் செய்து தரும் ஏற்பாடு பற்றி எங்கோ பார்த்திருக்கிறார். "மௌலவி, என்ட நகையை வித்துச் செஞ்சா குத்தமா எண்டு கேட்டுச் சொல்லச் சொன்னாங்க" என்று என் மனைவி வந்து சொன்னார்.

மேலே எழுதிய சட்டத்தை நான் சொல்லியனுப்பினேன். கூடவே இரு விடயங்களையும் சொன்னேன். வெட்டிய மறுநாள் இரத்தம் தேங்கினாலும், ஒரு மாதத்தின் பின் தழும்பு தடித்தாலும் வெட்டிய வைத்தியர் பக்கத்தில் இருக்க வேண்டும். விமானம் ஏறிப் போய்ச் செய்து வருபவருக்கு அவர் கிடைக்க மாட்டார். மற்றது, போன் கமராவை நாடிக்குக் கீழே பிடித்தால் இருபது வயதுப் பிள்ளைக்கும் கன்னம் தொங்கும். கண்ணுக்கு நேராகப் பிடிக்கட்டும். இதைக் கேட்டு அவர் சிரித்தாராம். கணவருக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. அந்த முகம் இந்த வருடங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, உங்கள் உம்மாவைக் கட்டிலில் வைத்துப் பார்த்து, வீட்டுக் கடனை அடைத்த முகம். நீங்கள் அனுப்பிய பணத்துக்கு அது கணக்குச் சொல்லும். உங்கள் முடி எங்கே போனதென்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லையே!

இரண்டாமவர் எமது மத்ரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் உம்மா. வயது முப்பத்து நான்கு. சிறுவயதில் குப்பி விளக்கு சரிந்து மண்ணெண்ணெய் தீப்பற்றியது. நம் நாட்டில் மின்சாரம் எட்டாத வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நேர்ந்த கதி. சரிந்தாலும் உருளாத குட்டைக் கண்ணாடி விளக்கொன்றை வடிவமைத்ததற்காக இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர அவர்களுக்கு 1998 இல் ரொலெக்ஸ் விருது கிடைத்ததை வாசகர்கள் சிலர் அறிந்திருப்பீர்கள். இப்பெண்ணின் நாடியும் கழுத்தும் ஒட்டிக் கீழுதடு இழுபட்டுப் போயிருந்தது. தண்ணீர் குடித்தால் வாயோரத்தால் வழியும். மேலே அண்ணாந்து பார்க்க முடியாது. பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கு ஒரு நாளும் போனதில்லை. வைத்தியசாலைக்குப் போகாததன் காரணத்தைக் கேட்டபோது, "அல்லாஹ் தந்த கோலத்தை மாத்துறது பாவம் எண்டு பயான்ல சொன்னாங்க" என்றார்.

சகோதரிகளே, இந்தப் பதில்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. சுருக்கத்தை எடுக்க வேண்டாம் என்று சொன்ன ஹதீஸ், எரிந்து ஒட்டிய கழுத்தை விடுவிக்க வேண்டாம் என்று விளங்கப்பட்டு விட்டது. அர்ஃபஜாவின் பொன் மூக்கை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அவர் தண்ணீரைச் சரியாகக் குடிக்கவில்லை. இது தீக்காயத் தழும்பின் இறுக்கம். தழும்பை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டுவார்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதற்கெனப் பிரிவு இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலை, பணம் கேட்க மாட்டார்கள். உங்கள் பிரதேச வைத்தியசாலையிலேயே காட்டி அங்கு அனுப்பும் கடிதத்தைப் பெறலாம். பெண் வைத்தியர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஆண் வைத்தியரிடம் சிகிச்சை பெறத் தடையில்லை. தனியாரிடம் போவதாயின் அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் நிபுணத்துவம் பெற்றவரா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கணவரையும் அழைத்துப் பேசினோம். சென்ற வருடம் அவருக்கு முதல் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டோடு இருக்கையில் வுழூ எப்படிச் செய்வதென்று கேட்டனுப்பினார். கட்டில்லாத இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, தயம்மும் செய்து தொழுமாறு சொன்னேன். தண்ணீர் படக்கூடாதென்று வைத்தியர் சொன்ன இடத்தில் ஒரு துளியும் பட வேண்டியதில்லை. கட்டு முகத்தில் இருப்பதால், ஷாபிஈ மத்ஹபின்படி குணமான பின் அத்தொழுகைகளை மீட்டித் தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் அது தேவையில்லை. அவர் நாட்களைக் கலண்டரில் குறித்து வைத்து எல்லாவற்றையும் மீட்டித் தொழுதுவிட்டதாகப் பிள்ளை வந்து சொன்னான். உதட்டுக்கு இன்னொரு சத்திரசிகிச்சை இருக்கிறது. அதற்குத் திகதி கிடைத்திருக்கிறது.